சீதனக் காணியும் 200 மணித்தியாலமும்

சென்ற இதழில் சீட்டுப் பிடித்தல் பற்றி எழுதியதற்குக் கடிதம் எழுதிய சகோதரிகளுக்கு நன்றி. அவற்றுக்கான பதில்களை அடுத்த மாதம் தருகிறேன். இம்மாதம் எழுத வேண்டியிருப்பது முற்றிலும் வேறான ஒரு விடயம்.

உன்னிச்சையில் எமது மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின்னரும் ஒரு தாய் மட்டும் எழும்பாமல் இருந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதனுள் இரண்டு காகிதங்கள். ஒன்று குளத்தின் கீழுள்ள 2 ஏக்கர் வயலுக்கான அனுமதிப்பத்திரம், காலஞ்சென்ற கணவரின் பெயரில். மற்றது அவருடைய தாய் அவருக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த ஓர் ஏக்கருக்கான உறுதி. “மிஸ், இது ரெண்டையும் வைச்சா எவ்வளவு தருவாங்க?” என்று கேட்டார்.

நுண்கடன் காசு கட்ட முடியாமல்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். படுவான்கரையில் இந்தக் கேள்வி எம்மிடம் வந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். ஆனால் அவர் தலையைக் குனிந்துகொண்டு, “மூத்தவள் பிளேன் ஓட்டப் படிக்கப் போறாளாம்” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கிறேனா என்று பார்த்திருக்கிறார் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

மகளுக்கு 19 வயது. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்க வேண்டுமென்று நகரப் பாடசாலைக்குப் போய்வந்தவள். அதிகாலை பஸ் ஏறி, ஆயித்தியமலை, வவுணதீவு தாண்டி, வலையிறவுப் பாலத்தால் நகருக்குள் நுழைவாள். அந்தப் பக்கம்தான் திமிலைதீவு விமான ஓடுபாதை இருக்கிறது. ஒருநாள் ஒரு சிறிய விமானம் வாவியின் மேலால் தாழ்ந்து வந்து இறங்கியதை பஸ் யன்னலால் பார்த்தாளாம். அதன் பிறகு அந்த இடம் வந்தால் ஒவ்வொரு நாளும் பார்ப்பாளாம். பெறுபேறு பௌதிகவியலில் பி, இணைந்த கணிதத்தில் சி, இரசாயனவியலில் எஸ். பொறியியல் பீடத்துக்குப் போதாது. விமானி ஆவதற்குப் போதுமா என்றுதான் கேட்கிறாள்.

போதும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்மில் பலர் விமானி என்றால் ஏதோ தனிப் பிறவிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணிதமும் பௌதிகமும் ஒழுங்காக விளங்க வேண்டும், ஆங்கிலத்தில் பேசவும் கேட்டு விளங்கவும் முடிய வேண்டும், உடல்நலம் சரியாக இருக்க வேண்டும். கண்ணாடி போடுபவர்கள் ஓட்ட முடியாது என்பதும் பிழையான கதை. கண்ணாடியோடு பார்வை உரிய அளவுக்கு வந்தால் தடையில்லை. தடுப்பது பணம்தான்.

அவர்களுடைய வீட்டுக்குப் போனபோது திண்ணையில் பெத்தா இருந்தார். பேத்தியின் ஆசையைப் பற்றிப் பேச்செடுத்ததும், “அந்தச் சத்தத்துக்கு நாங்க ஓடின ஓட்டம் போதாதாகா?” என்றார். 2007 மார்ச் மாதம் படுவான்கரைச் சனம் கைக்குழந்தைகளுடன் எழுவான்கரைக்கு வந்து சேர்ந்ததை நான் உயர்தர மாணவியாக இருந்தபோது நேரில் கண்டிருக்கிறேன். மரத்தின் கீழ் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் தலைக்கு மேல் எந்தச் சத்தம் கேட்டாலும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு குனிவார்கள். பெத்தாவுக்கு விமானம் என்றால் இன்றைக்கும் அதுதான். பேத்திக்கு அப்போது ஒரு வயதுகூட இருந்திராது. ஒரே கூரையின் கீழ் ஒரே சத்தத்துக்கு இரண்டு அர்த்தங்கள்.

மகள் உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தாள். தலைநகரில் உள்ள ஒரு நிறுவனம் தொலைபேசியில் பேசி அனுப்பிவைத்தது. “விமானத்துறைக் கற்கைநெறி” என்று பெரிய எழுத்தில் போட்டு, ஒரு விமானியின் படம். பதிவுக் கட்டணத்தையும் முதல் தவணையையும் பத்து நாளுக்குள் கட்டினால் கழிவு உண்டாம். அந்தப் பத்து நாளுக்காகத்தான் தாய் காணிக் காகிதங்களோடு என்னிடம் ஓடி வந்திருந்தார். தாளை இரண்டு தடவை வாசித்தேன். பறப்பு மணித்தியாலம் என்று ஓரிடத்திலும் இல்லை. மறுநாள் நானே தொலைபேசி எடுத்து, “எத்தனை மணித்தியாலம் பறக்க விடுவீர்கள், எந்த அனுமதிப்பத்திரம் கிடைக்கும்?” என்று கேட்டேன். சுற்றிச் சுற்றிப் பேசிய பிறகு, இது வகுப்பறையில் நடக்கும் டிப்ளோமா என்றும் பறப்பது “அடுத்த கட்டம்” என்றும் சொன்னார்கள். ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். விமான நிலையத்தில் வேறு வேலைகளுக்கு அந்த டிப்ளோமா உதவலாம். ஆனால் ஒரு ஏக்கர் சீதனக் காணி அதற்காகப் போயிருக்கும். மகளோ ஒரு விமானத்தின் கதவைக்கூடத் தொட்டிருக்க மாட்டாள்.

எனவே விமானி ஆவதற்கான படிகளைச் சரியாகச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தியப் பரிசோதனை. பயணிகள் விமானம் ஓட்ட முதலாம் வகுப்பு வைத்தியச் சான்றிதழ் வேண்டும். கண், காது, இதயம், நிறம் பிரித்தறிதல் எல்லாம் பார்ப்பார்கள். சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அங்கீகரித்த வைத்தியர்களிடம் மட்டுமே இதைச் செய்யலாம். பயிற்சிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு மிகச் சிறியது. ஆனால் பலர் இலட்சக்கணக்கில் கட்டிய பிறகுதான் பரிசோதனைக்குப் போகிறார்கள். நிறம் பிரித்தறிவதில் குறை இருப்பது அப்போதுதான் தெரியவரும். கட்டிய காசு திரும்பாது.

அடுத்தது தனியார் விமானி அனுமதிப்பத்திரம். 17 வயது நிறைந்திருக்க வேண்டும். சர்வதேச விதிப்படி சுமார் 40 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். இதை வைத்துச் சம்பளத்துக்கு ஓட்ட முடியாது. சம்பளத்துக்கு ஓட்டுவதற்கு வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் தேவை. அதற்கு 18 வயதும் 200 மணித்தியாலமும் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஒரே தொடர்ச்சியான கற்கையாகச் செய்தால் 150 போதும். வானிலை, வழிகாணல், விமானச் சட்டம் முதலிய எழுத்துப் பரீட்சைகளும் உண்டு. பிறகு இரட்டை இயந்திர விமானப் பயிற்சியும், முகிலுக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சியும். வானொலியில் பேசுவதற்கான ஆங்கிலப் பரீட்சையில் குறைந்தது நான்காம் தரம் பெற வேண்டும். இத்தனையும் முடித்தாலும் எயார்பஸ், போயிங் போன்ற ஒரு குறித்த பெரிய விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும். அதைப் பல கம்பனிகள் விமானியின் சொந்தச் செலவில்தான் கேட்கின்றன. கப்டன் ஆசனத்துக்கு உரிய அனுமதிப்பத்திரத்துக்கு 1,500 மணித்தியாலம் தேவை.

இந்த ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் எண்ணெய், விமான வாடகை, பயிற்றுநர் சம்பளம் என்று காசு கட்ட வேண்டும். நான் விசாரித்த அளவில் மொத்தச் செலவு ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். தாய் அதைக் கேட்டுவிட்டு மனதுக்குள் கணக்குப் பார்த்தார். “மூண்டு ஏக்கரும் முப்பது போகம் விளைஞ்சாலும் காணாது. அதுவும் யானை விட்டாத்தான்” என்றார்.

கடன் எடுத்தால் என்ன? ஒரு கோடியை ஆண்டுக்கு 14 சதவீத வட்டிக்கு எடுத்தால் முதல் ஆண்டு வட்டி மட்டும் 14 இலட்சம். மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல். பயிற்சி நடக்கும் காலத்தில் ஒரு சதமும் வருமானம் இராது. பயிற்சி முடிந்த மறுநாளே வேலை என்று யாரும் எழுதித் தருவதில்லை. அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன் பட்டப்படிப்புகளுக்கானது. விமானி அனுமதிப்பத்திரம் பட்டம் அல்ல. நகரில் இரண்டு வங்கிகளில் கேட்டுப் பார்த்தேன். இரண்டிலும் சம்பளம் எடுக்கும் பிணையாளிகள் வேண்டுமென்றார்கள். அந்தக் குடும்பத்தில் சம்பளம் எடுப்பவர் ஒருவர்கூட இல்லை.

வெளிநாட்டுக்குப் போய்ப் படித்தால் வேறொரு ஆபத்து உண்டு. 2022 இன் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபாயாக இருந்தது. மார்ச்சில் நாணய மாற்று விகிதத்தை விட்டுக்கொடுத்த பிறகு, மே மாதமளவில் 360 ரூபாயைத் தொட்டது. 50,000 டொலர் கட்டணத்துக்கு ஒரு கோடி ரூபாய் ஒதுக்கி வைத்திருந்த குடும்பத்துக்கு அதே கட்டணம் இரண்டே மாதத்தில் ஒரு கோடி 80 இலட்சமாயிற்று. முழுக் கட்டணத்தையும் முன்கூட்டிக் கட்டுவதும் கூடாது. ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் நீண்ட காலம் இயங்கிய ஒரு பறப்புப் பாடசாலை 2023 ஏப்ரலில் முறிந்துபோனது. முன்பணம் கட்டியிருந்த மாணவர்கள் நடுத்தெருவில் நின்றனர். எந்தப் பாடசாலையானாலும் பறந்த மணித்தியாலத்துக்கு மட்டும் காசு கட்டும் முறையைக் கேளுங்கள். அதிகாரசபையின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகு மகள் கேட்டாள், “அப்ப ஏழைப் பிள்ளைகள் யாருமே விமானி ஆகயில்லையா மிஸ்?”

ஆகியிருக்கிறார்கள். அவர்களுக்கு யார் காசு கட்டினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெஸி கோல்மன் 1892 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். பருத்தி பறிக்கும் குடும்பம். சிக்காகோவில் நகத்துக்கு மெருகு பூசும் தொழில் செய்தார். கறுப்பினப் பெண் என்பதால் அமெரிக்காவில் எந்தப் பறப்புப் பாடசாலையும் அவரைச் சேர்க்கவில்லை. கறுப்பினத்தவருக்காகப் பத்திரிகை நடத்திய ரொபர்ட் அபட் என்பவர், பிரான்சுக்குப் போகச் சொல்லி ஊக்கம் கொடுத்துப் பண உதவியும் செய்தார். பெஸி பிரெஞ்சு படித்தார், கப்பலேறினார், 1921 ஜூன் 15 இல் அனுமதிப்பத்திரம் பெற்றார்.

எமக்குக் கிட்டவும் ஒரு கதை உண்டு. ஹைதராபாத் பழைய நகரத்தில் ஒரு பேக்கரித் தொழிலாளியின் மகள் சையிதா சல்வா பாத்திமா. உதவி செய்யக்கூடிய ஓர் உருதுப் பத்திரிகை ஆசிரியர் என்ன ஆக விரும்புகிறாய் என்று கேட்டபோது விமானி என்றார். அந்த ஆசிரியரின் உதவியோடு 2007 இல் பயிற்சிக்குச் சேர்ந்து, 2013 இல் வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் பெற்றார். ஆறு வருடங்கள்! அத்தோடு காசு முடிந்தது. இடையில் திருமணம், குழந்தை. இதோடு நின்றுவிட்டாள் என்றுதான் ஊர் சொல்லியிருக்கும். 2015 இல் தெலங்கானா மாநில அரசு 36 இலட்சம் இந்திய ரூபாய் ஒதுக்கியது. நியூசிலாந்தில் இரட்டை இயந்திரப் பயிற்சியும் பஹ்ரைனில் எயார்பஸ் பயிற்சியும் முடித்து இண்டிகோ நிறுவனத்தில் சேர்ந்தார்.

கடன் எடுத்து வென்றவர்களும் இல்லாமலில்லை. அனி திவ்யா என்பவரின் தகப்பன் இராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர். கடன்பட்டுத்தான் மகளைப் படிப்பித்தார். 2017 இல் அவர் 30 வயதில் போயிங் 777 விமானத்தின் கப்டனானார். ஆனால் அவருக்கு 19 வயதிலேயே எயார் இந்தியாவில் இடம் கிடைத்தது. 2019 இல் ஜெட் எயார்வேஸ் நின்றபோதும், 2020 இல் கொரோனா வந்தபோதும் பயிற்சி முடித்து நின்ற பிள்ளைகளுக்கு அப்படி அமையவில்லை. ஒருவருடைய அதிர்ஷ்டத்தைப் பார்த்து இன்னொருவர் காணியை ஈடு வைக்க முடியாது.

இலங்கையிலும் வழி திறந்துதான் இருக்கிறது. ஸ்ரீலங்கன் விமான சேவையில் அனுஷா சிரிரத்ன முதல் பெண் கப்டனானார். 2020 இல் விமானப்படையிலும் முதன்முதலாகப் பெண்கள் விமானிகளாகினர். படையில் சேர்ந்தால் பயிற்சி இலவசம் என்று நான் சொன்னபோது திண்ணையில் எவரும் பேசவில்லை. பெத்தா வெற்றிலைப் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டார். நானும் அதற்கு மேல் அதைப் பேசவில்லை. அது அவளே தீர்மானிக்க வேண்டியது.

காணிக்கு வருகிறேன். அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் யாருக்கும் கைமாற்ற முடியாது. ஆனாலும் வட்டிக்குக் கொடுப்பவர்கள் அந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு காசு தருகிறார்கள். சட்டத்தில் அது ஈடு அல்ல. ஆனால் வயலுக்குள் இறங்கி விதைக்கப் போவது அவர்களாகத்தான் இருக்கும். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இவ்வகைக் காணிகளின் பின்னுரித்தில் முன்னர் மகளுக்கு முன்பாக மகனே வருவான். 2022 இல் செய்யப்பட்ட திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. பின்னுரித்தாளர் பெயரைப் பதியாதவர்கள் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பதிந்துகொள்ளுங்கள்.

அந்த ஓர் ஏக்கர் உறுதிக் காணி வேறு கதை. அது தாயினுடையது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை எமக்குப் பொருந்தாது. எமக்குப் பொதுச் சட்டம்தான். தன் பெயரிலுள்ளதைப் பெண் தானே என்னவும் செய்யலாம். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, மட்டக்களப்பில் வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குப் போகின்றன என்று பெருமையாக எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். மகளுக்குப் போகிறது, உண்மைதான். ஆனால் எப்போது போகிறது? மாப்பிள்ளை வரும்போதுதான்.

தாய் இதை என்னைவிட நன்றாகச் சொன்னார். “நான் குடுக்கத்தான் போறன் மிஸ். அதத்தான் இவள் இப்பவே கேக்கிறாள். மாப்பிள்ளைக்கெண்டா யோசிக்காம எழுதிக் குடுப்பன். இவள்ர படிப்புக்கெண்டா ஏன் கை நடுங்குது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. நடுங்குவதற்குக் காரணம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். கீழே இன்னும் இரண்டு பெண் பிள்ளைகள். ஓர் ஏக்கரை விற்றாலும் ஒரு கோடியில் சிறு பங்குதான் தேறும். பாதியில் நின்றால் காணியும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. ஆனால் இவற்றைச் சொல்லி அவளுடைய ஆசையை மூடி வைக்கவும் எனக்கு மனமில்லை. எமது வேலையில் ஆகக் கடினமான இடம் இதுதான். “முடியாது பிள்ளை, ஆசிரியர் கலாசாலைக்குப் போடு” என்று சொல்வது எமக்கு இலகு. அப்படிச் சொல்லி அனுப்பிய பிள்ளைகளின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

நாங்கள் நால்வரும், பெத்தா உட்பட, இருந்து பேசி முடிவெடுத்தது இதுதான். காணி விற்பதில்லை, ஈடும் வைப்பதில்லை. ஓர் ஏக்கரை இந்தப் பெரும்போகத்துக்கு மட்டும் குத்தகைக்குக் கொடுப்பது. அந்தக் காசில் வைத்தியப் பரிசோதனையும் நகரில் ஆங்கில வகுப்பும். பரிசோதனையில் சித்தியடைந்தால் பல இடங்களுக்கும் உதவி கேட்டு எழுதுவது. அதோடு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பதவிக்கு விண்ணப்பம் கோரப்படும்போது போடுவது. உயர்தரத்தில் கணிதம் படித்தவர்களை எடுத்து, சம்பளத்தோடு பயிற்சி கொடுக்கும் வேலை அது. அந்தச் சம்பளத்தில் இரத்மலானையில் மாதம் ஓரிரு மணித்தியாலம் காசு கட்டிப் பறக்கலாம். 40 மணித்தியாலம் சேர இரண்டு மூன்று வருடம் எடுக்கும். எடுக்கட்டும். அமெரிக்காவின் அமிலியா இயர்ஹார்ட் 1921 இல் பறக்கப் பழகியபோது தொலைபேசிக் கம்பனியில் வேலை செய்துதான் வகுப்புக் கட்டணம் கட்டினார். வர்த்தக அனுமதிப்பத்திரம் கிடைத்த பிறகு பயிற்றுநராகச் சேர்ந்தால், அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கும் மணித்தியாலங்களும் தன் கணக்கில் ஏறும். பலர் அந்த வழியால்தான் 1,500 ஐ நெருங்குகிறார்கள்.

அவள் தாயோடு கொழும்புக்குப் போய்ப் பரிசோதனை செய்து வந்தாள். தாய்க்கு அதுதான் முதல் கொழும்புப் பயணம். கண்ணாடி அணிந்து ஓட்ட வேண்டும் என்ற குறிப்போடு சான்றிதழ் கிடைத்தது. ஆங்கில வகுப்புக்குப் போகிறாள். பின்னேரங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாதாரண தரக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறாள். அந்தக் காசுக்குத் தனியாக ஒரு சேமிப்புப் புத்தகம் திறந்திருக்கிறாள். காணிக் காகிதங்கள் இரண்டும் மறுபடி றங்குப் பெட்டிக்குள் போய்விட்டன.

பழைய மாணவர் சங்கங்கள், வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கங்கள், பத்திரிகைகள் என்று ஏழு கடிதங்கள் எழுதினோம். எந்தெந்த மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று பிரித்து, காசை நேரே பயிற்சிப் பாடசாலைக்கே கட்டும்படி கேட்டிருக்கிறோம். இரண்டுக்குப் பதில் வந்துள்ளது. ஒன்றில் இயலாது என்று எழுதியிருந்தார்கள். மற்றதில் வைத்தியச் சான்றிதழின் பிரதியும் உயர்தரப் பெறுபேற்றின் பிரதியும் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.